போக்கர்தான் தொழில் என்றால், பேரேடு எங்கே?

என்னிடம் கணக்கு பார்க்க வருபவர்களில் அவ்வப்போது ஒருவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆன்லைனில் போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறேன் சார், முழுநேரமாக, தொழிலாகத்தான் செய்கிறேன்" என்பார். நான் திட்டுவதும் இல்லை, பாராட்டுவதும் இல்லை. "சரி, பேரேட்டைக் காட்டுங்கள்" என்பேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு இளைஞர் மட்டும் உண்மையிலேயே நோட்டு வைத்திருந்தார். பக்க எண் அச்சிட்ட நீள நோட்டு. தேதி, ஆடிய நேரம், வந்தது, போனது என்று நாலு பத்தி, அழகான கையெழுத்து. சந்தோஷமாகத்தான் புரட்டினேன். 42-ஆம் பக்கத்துக்கு அடுத்து 47 வந்தது. நடுவில் இரண்டு தாள் கிழிக்கப்பட்டிருந்தது, தையல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "அந்த வாரம் நான் நானாகவே இல்லை சார், அதைச் சேர்த்தால் கணக்கே தப்பாகத் தெரியும்" என்றார். அப்புறம் வங்கிக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். நாலு மாதம் சேர்த்த லாபம் அந்த இரண்டு தாளில் போயிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை, தன்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய ஆபத்து இதுதான், மோசமான சீட்டு இல்லை. நட்டத்தை "அது கணக்கில் வராது" என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் எந்த வியாபாரத்தையும் சாய்த்துவிடும்.

முதலில் சட்டம். ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவது சில நாடுகளில் உரிமத்தோடு நடக்கிறது, சில நாடுகளில் முழுத் தடை. நீங்கள் இருக்கும் இடத்தில் தடை என்றால் இது தொழிலே இல்லை, மேலே யோசிக்க ஒன்றும் கிடையாது.

அடுத்தது செலவு. போக்கரில் நீங்கள் தளத்தை எதிர்த்து ஆடுவதில்லை, மேசையில் இருக்கும் மற்றவர்களை எதிர்த்து ஆடுகிறீர்கள். யார் ஜெயித்தாலும், மேசையில் சேர்ந்த பந்தயப் பணத்திலிருந்து தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதுதான் ரேக். பல தளங்களில் 5 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்போடு. சம திறமை உள்ள இரண்டு பேர் மாதக்கணக்கில் மாறி மாறி ஆடினால் கடைசியில் இருவருமே நட்டத்தில்தான் நிற்பார்கள், ஏனென்றால் இருவர் பணமும் கொஞ்சம் கொஞ்சமாக ரேக்கில் கரைந்திருக்கும். சின்னத் தொகை மேசைகளில் பிளைண்டோடு (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை) ஒப்பிட்டால் இந்தச் சுமை இன்னும் அதிகம். அதனால் "எதிராளியைவிட நன்றாக ஆடுகிறேன்" என்பது போதாது, ரேக்கையும் தாண்டி மிஞ்சும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். அப்படி மிஞ்சுகிறதா என்பதைக் கணக்குதான் சொல்லும், மனசு சொல்லாது.

கணக்கும் சீக்கிரம் சொல்லாது என்பதுதான் கஷ்டம். இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஆறு பேர் மேசையில் நோ-லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடும் ஒரு திறமையான ஆட்டக்காரர், ரேக் போக 100 கைகளுக்கு, அதாவது 100 முறை சீட்டுப் போட்டு ஆடினால், 5 பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது) சம்பாதிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, 100 கைகளுக்கு 90 பிக் பிளைண்ட் போல இருக்கும். 10,000 கைகள் ஆடினால் சராசரியாக 500 பிக் பிளைண்ட் வர வேண்டும், ஆனால் ஏற்ற இறக்கம் 900. அதாவது இதே திறமை உள்ள பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் 10,000 கைகளுக்குப் பிறகும் நட்டத்தில்தான் இருப்பார்கள். ஒரு லட்சம் கைகளுக்குப் பிறகும் நூற்றில் நாலு பேர் அப்படியே. நாலு மேசை திறந்து மணிக்கு 300 கைகள் ஆடினால்கூட ஒரு லட்சம் கைகளுக்கு 330 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: திறமை இல்லாதவரும் ஒன்றிரண்டு மாதம் லாபத்தில் இருக்க முடியும். அந்த இரண்டு மாதத்தை நம்பி வேலையை விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அதனால்தான் கையிருப்பு முக்கியம். நேரடிப் பண மேசைக்கு 30 முதல் 50 பை-இன் (ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை), டோர்னமெண்ட் என்றால் 100-க்கும் மேல் என்பது ஆட்டக்காரர்களே பின்பற்றும் பொதுவான அளவு, டோர்னமெண்டில் பரிசின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போவதால். இது ஆடுவதற்கான முதல். வீட்டு வாடகை, சாப்பாடு, மருந்துச் செலவுக்கான பணம் வேறு கணக்கில், குறைந்தது ஆறு மாதத்துக்கு, இதோடு கலக்காமல் இருக்க வேண்டும். கடன் வாங்கிய பணம் முதல் ஆகாது. ஒரு மாதம் 10 பை-இன் லாபம் வந்ததும் பத்தையும் எடுத்துச் செலவழித்துவிட்டு, அடுத்த மாதம் 8 போகும்போது முதலுக்கே மோசம் என்று அலறுகிறார்கள். கணக்கியலில் இதை எடுப்பு என்போம். நல்ல மாதமோ கெட்ட மாதமோ, உங்களுக்கு நீங்களே ஒரே அளவு சம்பளம் கொடுங்கள், மிச்சம் உள்ளேயே கிடக்கட்டும்.

தளத்தில் கிடக்கும் பணத்தையும் கையில் இருக்கும் பணமாக எழுதாதீர்கள். அது உங்களுக்கு வர வேண்டிய பாக்கி, அவ்வளவுதான். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, ஃபுல் டில்ட் போக்கர் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியாகவே வைத்திருக்கவில்லை என்பது வெளியே வந்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி என்று அரசுத் தரப்பு சொன்னது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-இல்தான். வாரம் ஒருமுறை தேவைக்கு மேல் உள்ளதை எடுத்துவிடுங்கள்.

இந்தத் தொழிலை விற்க முடியாது, ஆள் வைத்து நடத்தவும் முடியாது. லாப விளிம்பும் மெலிந்துகொண்டே போகிறது. 2017-இல் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. 2019-இல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. இப்போது எதிரே இருப்பவரும் மென்பொருள் வைத்துப் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வருகிறார்.

இன்னொன்று, இதை மனசார சொல்கிறேன். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேசையின் தொகையை ஏற்றுகிறீர்களா? போன பணத்தை வீட்டில் மறைக்கிறீர்களா? தூக்கம் கெடுகிறதா? அப்படியென்றால் இது என்னைப் போன்ற கணக்காளரிடம் தீர்கிற விஷயம் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள், தளத்திலேயே கணக்கை முடக்கிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்றைக்கே போடுங்கள்.

அந்த இளைஞர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கிழித்த நாட்களை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து எழுதியிருந்தார், ஆடிய கைகளை மறுபடி பார்த்த நேரம், நல்ல மேசைக்காகக் காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் சேர்த்திருந்தார். மொத்த மணி நேரத்தால் வகுத்தோம். வந்த எண், அவர் விட்டுவிட்டு வந்த வேலையின் மணிக்கூலியில் பாதிகூட இல்லை. கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி, ஒருமுறை அவரே போட்டுப் பார்த்தார்.