தேரையா, சொறித்தவளையா?

'டோட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் பள்ளிப் புத்தகத்தில் 'தேரை' என்று அச்சிட்டிருக்கும். தவளைக்கு ஈரமான வழவழத் தோல், தேரைக்கு உலர்ந்த சொரசொரத் தோல் என்று வேறுபாடும் சொல்லியிருக்கும். சரி, அந்தத் தேரையைக் காட்டுங்கள் என்று காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாட்டி குளியலறைச் சுவரைக் காட்டுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும், வெளிறிப்போன, நீளக்கால் ஒல்லிப் பிராணிதான் வட ஆற்காட்டுப் பேச்சில் தேரை. மழை பெய்த ராத்திரி தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து ஈசல் தின்னும் குண்டு ஆசாமிக்குப் பெயர் வேறு: சொறித்தவளை.

ஆக, புத்தகத்துத் தேரை ஒன்று, வீட்டுத் தேரை இன்னொன்று. வீட்டுத் தேரை உயிரியலில் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ் என்ற மரத்தவளை. விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத்தட்டு உண்டு, அதனால்தான் சுவரேறுகிறது. வெள்ளைக்காரர்கள் இதற்கு 'சுனாம் தவளை' என்று பெயர் வைத்தார்கள். சுனாம் என்பது நம் சுண்ணாம்புதான். புத்தகத்துத் தேரையோ பூஃபோனிடே என்னும் குடும்பம். நம் தெருவில் இருப்பது துட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்.

வழக்குகளைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. இளைத்துப்போன பிள்ளையைத் 'தேரை விழுந்த குழந்தை' என்பார்கள். பருப்புக் கட்டாத தேங்காய் 'தேரை மோந்த காய்'. (காய் அப்படி ஆவதற்கு போரான் சத்துக் குறைவு ஒரு காரணம். பாவம், தேரைக்கு அதில் பங்கில்லை. தென்னங்குருத்தில் பதுங்கியிருந்ததுதான் அது செய்த குற்றம்.) இரண்டிலும் அடியில் கிடக்கும் பொருள் மெலிவு. தொப்பையும் தொந்தியுமாக உட்கார்ந்திருக்கும் சொறித்தவளையைப் பார்த்து யாரும் மெலிவுக்கு உவமை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொல் பழையது. குறுந்தொகை 193ஆம் பாட்டில் அரிசில் கிழார் 'இட்டுவாய்ச் சுனைய பகுவாய்த் தேரை தட்டைப் பறையின் கறங்கும்' என்கிறார். குறுகிய வாயுள்ள மலைச்சுனையில் தேரை கத்துவது, தினைப்புனத்தில் கிளி ஓட்ட அடிக்கும் தட்டையின் ஓசை போல இருக்கிறதாம். தட்டை மூங்கிலைப் பிளந்து செய்த கருவி. சொறித்தவளையின் குரல் 'க்ர்ர்ர்' என்று இழுத்து உருளும். சுவர்த் தேரையோ 'டக் டக்' என்று விட்டுவிட்டுத் தட்டும். பாட்டின் ஓசை இரண்டாவதற்குத்தான் பொருந்துகிறது என்பது என் காதின் தீர்ப்பு. பழமொழியில் வரும் நுணல் வேறு: மணலுக்குள் புதைந்து கிடந்து வாயால் கெடுவது அது. மண்டூகம் வடசொல், அதை இங்கே விட்டுவிடலாம்.

அப்புறம் 'சொறி'. இந்தச் சொல்லால் அந்தப் பிராணிக்குக் கெட்ட பெயர். கடலில் இருக்கும் சொறிமீன் பட்டால் உண்மையிலேயே அரிக்கும். சொறித்தவளையைத் தொட்டால் சொறியும் வராது, மருவும் வராது. மரு வருவது வைரஸால். கண்ணுக்குப் பின்னால் அவரை விதை போலப் புடைத்திருக்கும் சுரப்பியில் பால் நிறத்தில் நஞ்சு உண்டு. நாய் கவ்வினால் நுரை தள்ளும். தொட்டால் கையைக் கழுவினால் போதும். மழைக்கால மாலையில் ஒன்றைக் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு விளிம்பு, முதுகுக் கொப்புளம் ஒவ்வொன்றின் உச்சியிலும் கறுப்புப் புள்ளி. மெலனோஸ்டிக்டஸ் என்றால் கரும்புள்ளி உடையது என்றே பொருள்.

மேல்நாட்டிலும் இந்தப் பெயர்க் குழப்பம் இருந்தது. 'பூஃபோ' என்பது லத்தீனில் சொறித்தவளை. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் ஐரோப்பியச் சொறித்தவளைக்கு 'ரானா பூஃபோ' என்று பெயரிட்டார். ரானா என்றால் தவளை. அவரும் நம்மைப் போல இதை ஒருவகைத் தவளையாகத்தான் கண்டிருக்கிறார். பிறகு பூஃபோ தனிப் பேரினமாகி (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி), உலகத்துச் சொறித்தவளைகளில் பாதிக்கு மேல் அதற்குள் போய் அடைந்தன. 2006இல் அதைப் பிரித்தபோது நம்முடையவற்றுக்குத் துட்டாஃப்ரைனஸ் என்ற பெயர் கிடைத்தது. துட்டா என்பது ஒடிசாவைச் சேர்ந்த தவளை ஆய்வாளர் சுஷில் குமார் துட்டாவின் பெயர், ஃப்ரைனஸ் என்பது கிரேக்கத்தில் சொறித்தவளை.

தமிழ்ச் சொல்லைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம், ஆங்கிலத்தில் 'மலபார் ட்ரீ டோட்' எனப்படும் அழியும் ஆபத்தில் உள்ள ஓர் உயிர். அறிவியல் பெயர் பெடோஸ்டிபெஸ் டியூபர்குலோசஸ். லண்டன் அருங்காட்சியகத்து விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1876இல் இதை விவரித்தார். மாதிரிகள் சென்னை மாகாண வனத்துறையின் தலைவராயிருந்த பெடோம் சேகரித்தவை. இடம் என்று எழுதியிருந்தது 'மலபார்', அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மலபார் என்றால் மலையோரம் முழுக்க எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

நீளம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். சொறித்தவளைக் குடும்பத்தில் பிறந்தும் மரமேறுவது. கண்ணுக்குக் கீழிருந்து தோள்வரை ஒரு வெண்பட்டை, விலாவிலும் ஒன்று. இனப்பெருக்கத்துக்கு மட்டும் காட்டோடைக்கு இறங்கிவந்து நீரில் முட்டையிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுதான் அதன் வீடு. காடு தோட்டமாவதும் ஓடை கெடுவதும் அதற்கு ஆபத்து. ஆபத்திலுள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் அது 'அருகிவரும்' இனம்.

பரவல் கதை இன்னும் சுவையானது. பெடோஸ்டிபெஸ் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலை, மேகாலயாவின் காரோ மலை, அப்புறம் நடுவே பெரிய இடைவெளி விட்டு மலேசியா, போர்னியோ என்று வெகுகாலம் வரைபடத்தில் பரந்து கிடந்தது. 2016இல் தென்கிழக்காசிய இனங்கள் ரெண்டாப்பியா என்ற புதுப் பேரினமாயின. காரோ மலை இனம் பூஃபாய்டெஸ் பேரினத்துக்குப் போயிற்று. மிச்சம் மேற்குத் தொடர்ச்சி மலை இனம் ஒன்றுதான். வட ஆற்காடு மாவட்டத்தை 1989இல் இரண்டாக்கி, 2019இல் வேலூரை மூன்றாக்கியபோது எந்த ஊரும் நகரவில்லை, வரைபடம்தான் சுருங்கியது. இதுவும் அப்படித்தான். ஆனால் சுருங்கியபின் இதன் முக்கியத்துவம் கூடிவிட்டது: இந்த ஓர் இனம் போனால் பேரினமே போய்விடும்.

இதைத் தமிழில் 'மலபார் மரத்தேரை' என்று எழுதினால் வேலூர்க்காரர் மனதில் எது வந்து நிற்கும்? குளியலறைச் சுவரில் இருப்பதுதான். தேரை என்றாலே மரமும் சுவரும் ஏறுவது, அதற்கு எதற்கு 'மர' என்றுகூடக் கேட்பார். ஜவ்வாது மலையில் ஒரு மரத்தவளையைப் படம் பிடித்து, அருகிவரும் மரத்தேரை கிடைத்துவிட்டது என்று பகிர்வதற்கும் இது வழி செய்யும். ஜவ்வாதும் ஏலகிரியும் கிழக்குத் தொடர்ச்சி மலை. பெடோஸ்டிபெஸ் அங்கே கிடையாது.

என் பரிந்துரை 'மலபார் மரச்சொறித்தவளை'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டியூபர்குலோசஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே சிறு முண்டுகள் நிறைந்தது என்றுதான் பொருள். குந்தர் சொன்னதும் நம்மவர் சொல்வதும் ஒன்றே. பாடநூல்கள் தேரையை உடனே விட்டுவிடாது, அதுவரை அடைப்புக்குறிக்குள் சொறித்தவளை என்று சேர்த்தாலாவது நல்லது. களத்தில் சந்தேகம் வந்தால் முதுகைப் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் வீட்டுத் தேரையின் உறவு. நீருக்கு மேலே நுரைக்கூடு தொங்கினாலும் அதுதான். முண்டு முண்டாக இருந்து, கண்ணுக்குப் பின்னால் சுரப்பியும் தெரிந்தால் சொறித்தவளைக் குடும்பம்.