மாரி ஓயுமுன் ஒரு கொப்பி: வீட்டில் உணவு பதப்படுத்துவோருக்கான புதுவருடக் குறிப்புகள்

ஜனவரி பிறந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் எண்கள் அதிகமாகிவிடும். "இந்த வருடம் ஐம்பது போத்தல் ஊறுகாய் போட வேண்டும் மிஸ்." "மாம்பழம் வரும்போது நூறு போத்தல் ஜாம் செய்து கொழும்புக்கு அனுப்பப் போகிறோம்." "மீனையும் போத்தலில் அடைத்து வைத்தால் மாரிக்கு உதவும் அல்லவா?" வீட்டிலிருந்தபடி உணவு பதப்படுத்தும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என்று திருகோணமலை மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணிக்கையைக் கடைசியாக எழுதுங்கள். எதைப் போத்தலில் அடைக்கலாம், எதை அடைக்கவே கூடாது என்பதை முதலில் பிரித்து எழுதுங்கள். மேலே உள்ள மூன்று அழைப்புகளில் மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

திருகோணமலையில் ஜனவரி பதப்படுத்தும் மாதமல்ல. வடகீழ்ப் பருவமழை நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்த்துவிட்டு ஜனவரியிலும் விட்டுவிட்டுப் பெய்யும். வடகம் காயாது, கருவாடு காயாது. காய்ந்ததுபோல் தோன்றுவதும் டின்னுக்குள் போய் ஈரம் பிடிக்கும். ஆகவே இந்த மாதத்துக்கு ஏற்ற வேலை ஒரு கொப்பியும் பேனையும்தான். அலுமாரியைத் திறந்து எல்லாப் போத்தல்களையும் வெளியே எடுத்துவையுங்கள். எது தீர்ந்துபோயிற்று, எது தொடப்படாமல் கிடக்கிறது என்று எழுதுங்கள். நான் போகும் பல வீடுகளில் ஒரே கதைதான்: தேசிக்காய் ஊறுகாய் ஓகஸ்ட்டிலேயே முடிந்திருக்கும், பப்பாசி ஜாம் அப்படியே இருக்கும். பழம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக ஜாம் காய்ச்சியிருப்பார்கள், ஆனால் அந்த வீட்டில் காலையில் பாண் சாப்பிடுபவரே இருக்கமாட்டார்.

வீட்டில் மாதம் ஒரு போத்தல் ஊறுகாய் தீருமென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு இரண்டு. அவ்வளவுதான் உங்கள் இலக்கு. அதற்குமேல் போட்டால் அதற்குமேல் சாப்பிடுவீர்கள். ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் இல்லாத வீடு அரிதாகிவிட்ட காலத்தில் ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் மூன்றும் ஒரே தட்டில் சேரும் மதியச் சாப்பாட்டைப் பார்க்க எனக்குச் சற்றுக் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இனி போத்தலுக்குள் நடப்பதற்கு வருகிறேன்.

மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் குளொஸ்திரீடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள், அதாவது விதைபோல உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், இருக்கின்றன. மரக்கறியிலும் மீனிலும் ஒட்டிக்கொண்டு அவை நம் சமையலறைக்கு வருகின்றன. வித்தியாக இருக்கும்வரை பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்று தாதிமார் சொல்வது இந்த வித்திகளை நினைத்துத்தான்.) காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் அந்த வித்தி முளைத்து நஞ்சு சுரக்கும்; அந்த நஞ்சால் தசைகள் சோர்ந்து முடங்கும் நோய்தான் பொட்டுலிசம். நன்றாக மூடி, அவித்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றிய போத்தல் அதற்கு அப்படிப்பட்ட இடம். கொதிநீரின் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இந்த வித்திகள் அழியும் என்று நம்பமுடியாது. அதற்கு 116 முதல் 121 பாகை வரை வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் நீராவிதான் அந்த வெப்பத்தைத் தரும். டின் மீன் தொழிற்சாலைகளில் பெரிய அழுத்தக் கலங்களை வைத்திருப்பது இதற்காகவே.

ஆனால் பீஎச் (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்குக் கீழே, அதாவது போதிய புளிப்புள்ள உணவில், இந்த வித்தி முளைக்காது. தேசிக்காய், புளி, மாங்காய், நெல்லி போன்றவற்றை நம் பாட்டிமார் வெயிலிலும் உப்பிலும் வைத்தே காத்தார்கள், எவரும் முடங்கிப் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தப் புளிப்புத்தான். அதே நம்பிக்கையை மீனுக்கும் போஞ்சிக்கும் கோழிக்கறிக்கும் நீட்டும்போதுதான் ஆபத்து வருகிறது.

கடந்த சில வருடங்களாக யூடியூப்பில் ஒரு வகைக் காணொளி பரவுகிறது. சூரைத் துண்டுகளை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, உப்பும் எண்ணெயும் விட்டு, குக்கரில் வைத்து நான்கைந்து விசில் விட்டு இறக்கினால் "வீட்டு டின் மீன்" தயார், ஆறு மாதம் வெளியிலேயே வைக்கலாம் என்கிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டி, ஏறத்தாழ அரை லீற்றர் போத்தலில் அடைத்த மீனுக்குச் சொல்லும் நேரம் 100 நிமிடம். அதுவும் இதற்கெனவே செய்த பெரிய அழுத்தக் கலத்தில், அழுத்தம் ஒருமுறைகூட இறங்காமல். நம் குக்கர் விரைவில் சூடாகி விரைவில் ஆறும். போத்தலின் நடுவிலுள்ள மீன் துண்டுக்கு வெப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதை விசில் சொல்லாது. அடுப்பை அணைத்தபின் ஆறுகின்ற நேரமும் அந்த வழிகாட்டியின் கணக்கில் சேர்ந்திருப்பதால், குக்கரில் 100 நிமிடம் வைத்தாலும் அது சமமாகாது.

இவை வெறும் புத்தகப் பயமுறுத்தல்கள் அல்ல. 2015இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்தில், வீட்டில் கொதிநீரில் அவித்து அடைத்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்ட 29 பேர் பொட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். 2023 செப்டம்பரில் பிரான்ஸின் போர்தோ நகர உணவகம் ஒன்றில், அங்கேயே போத்தலில் அடைத்த சார்டின் மீனால் பலர் நோயுற்றனர். அங்கும் ஓர் உயிர் போயிற்று. சார்டின் என்றால் வேறொன்றுமில்லை, நம் கரைவலையில் கூடை கூடையாக விழும் சூடையின் இனந்தான்.

ஆகவே என் நிலைப்பாடு கறாரானது. மீன், இறைச்சி, தேங்காய்ப்பால் கறி, போஞ்சி, கரட், அவித்த பயறு ஆகியவற்றை வீட்டில் போத்தலில் அடைத்து வெளியில் வைப்பது இந்த வருடத் திட்டத்தில் இருக்கவே கூடாது. புளியில் ஊறாத உள்ளியை எண்ணெயில் மூழ்கவைத்து அடுப்படியில் வைப்பதும் இதே வகை. குளிர்சாதனப்பெட்டியில் வைத்து மூன்று, நான்கு நாட்களுக்குள் முடியுங்கள், அல்லது உள்ளியைத் தேசிப்புளியில் ஊறவிடுங்கள். "உறைகுளிரில் வைக்கலாமா?" என்பார்கள். வைக்கலாம், மின்சாரம் இருக்கும்வரை. 2022இல் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனபோது எத்தனை வீட்டு மீன் குப்பைக்குப் போனதென்று நமக்குத் தெரியும். மீனை மாதக்கணக்கில் வைக்க நமக்கு உப்பும் வெயிலும் இருக்கின்றன.

எல்லைக்கோட்டில் நிற்கும் பழங்களில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தக்காளி புளிப்பதால் பயமில்லை என்று நினைப்போம். ஆனால் நன்கு கனிந்த தக்காளி 4.6ஐத் தாண்டிவிடக்கூடும். நசித்த தக்காளியைப் போத்தலில் அடைப்பதானால் ஒரு லீற்றர் போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி சிற்றிக் அமிலம் கட்டாயம் சேர்த்து, கொதிநீரில் 45 நிமிடம் மூழ்க அவியுங்கள். அரை லீற்றருக்கு 35 நிமிடம் போதும். இந்த நேரம் கடல் மட்டத்திலுள்ள நமக்கு உரியது. நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குள்ள மச்சாளுக்கு இதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பப்பாசியில் புளிப்பு மிகக் குறைவு. தேசிப்புளி விடாத பப்பாசி ஜாம் இறுகவும் மாட்டாது, நம்பவும் முடியாது. சீனியைக் குறைத்து "ஆரோக்கிய ஜாம்" காய்ச்சுபவர்களுக்கு ஒரு சொல்: ஜாம் கெடாமல் நிற்பது அதில் நூற்றுக்கு 65 அளவுக்குச் சீனி இருப்பதால். சீனியைக் குறைத்தால் குறையுங்கள், அதைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

அச்சாறு போடுவோர் வினாகிரிப் போத்தலைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. அசற்றிக் அமிலம் 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 4 சதவீதமானால் ஒரு துளி தண்ணீரும் கலக்காதீர்கள். கலனில் இருந்து ஊற்றி விற்கும், லேபல் இல்லாத வினாகிரியை ஜன்னல் துடைக்கப் பயன்படுத்தலாம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் எல்லாம் புளிப்பற்றவை. அச்சாற்றைப் பாதுகாப்பது வினாகிரியின் வலிமை மட்டுமே.

கருவாட்டில் இன்னொரு விடயம் இருக்கிறது, அதைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். சூரை, கும்பளா, சூடை போன்ற கருந்தசை மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடக்கும் மணித்தியாலங்களில், அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் பற்றீரியாக்களால் ஹிஸ்ரமின் என்ற, ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் பொருளாக மாறுகிறது. ஒருமுறை உண்டானால் அதை அவித்தும் பொரித்தும் காயவைத்தும் அகற்ற முடியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கத் தொடங்கும். நாம் உடனே "சூரை கிரந்தி மீன்" என்று மீனின்மேல் பழியைப் போட்டுவிடுவோம். பல நேரங்களில் பிழை அந்த மீன் வெயிலில் கிடந்த நேரத்தில் இருக்கிறது. மாலைவரை விற்காமல் கிடந்ததைக் கருவாடாக்கும் பழக்கம்தான் இதற்கு வேர். கருவாட்டுக்கும் விடியற்காலை மீனே வேண்டும், அதுவும் ஐஸ் போட்டது. இதை மட்டும் இந்த வருடம் மாற்றினால் நான் மகிழ்வேன்.

வைகாசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கியபின் மூன்று, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் ஊறவிட்டு, மணலில் பரப்பாமல், இடுப்பளவு உயரத் தட்டியில் வலை போர்த்துக் காயவிடுங்கள். இலையானுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் கருவாட்டைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

காய்ந்த மிளகாய், கச்சான் கொட்டை, கொப்பரை ஆகியவற்றில் பூஞ்சணம் பிடித்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுக்க வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும், வறுத்தாலும் முற்றாகப் போகாது. வேப்பம்பூ வடகம், பனாட்டு, ஒடியல் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்ததும் ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.

போத்தல்கள் பழையவையாக இருக்கலாம், விளிம்பு உடைந்திருக்கக் கூடாது. மூடியின் உட்புற ரப்பர் வளையம் ஒருமுறை அழுந்தியபின் மறுமுறை இறுக்கமாகப் பிடிக்காது; அதனால் போத்தலுக்கு மிச்சம் பிடியுங்கள், மூடிக்குப் பிடிக்காதீர்கள். திகதியைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். ஞாபகத்தில் வைத்திருக்கிறேன் என்பவர்களை நான் நம்புவதில்லை.

"மிஸ், மூடி கொஞ்சம் உப்பியிருக்கிறது, மணம் நன்றாகத்தான் இருக்கிறது, பாவிக்கலாமா?" என்று கேட்பார்கள். பாவிக்கக் கூடாது. பொட்டுலினம் நஞ்சுக்குப் பெரும்பாலும் மணமும் இல்லை, சுவையும் இல்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள் அறிகுறி தெரியும், சில நாட்கள் கழித்தும் வரலாம்: கண்ணிமை தொங்கும், பார்வை இரட்டையாகும், நாக்குத் தடிக்கும், விழுங்க முடியாது, வாய் வறளும். காய்ச்சல் இராது. மூச்சுத் தசைகள் சோரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் போத்தலை எறியாமல் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு. வீட்டில் செய்தாலும் விற்கும் கணத்தில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே போய்ச் சந்தியுங்கள்; அவர் வந்து பிடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டாம். பயிற்சிக்கு அநுராதபுரத்தில் தேசிய அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொருளைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். பீஎச் முடிவு கையில் கிடைத்தபின் லேபல் அச்சடிக்கக் கொடுங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் லேபலைக் கட்டுக்கட்டாக அச்சடித்து முடித்த பிறகே முதல் போத்தலைக் காட்டுகிறார்கள்.