நத்தையைத் தின்ன நத்தை கேட்காதீர்கள், அண்ணாச்சி

ஐப்பசி மழை விழுந்ததும் களக்காடு, ஏர்வாடிப் பக்கத்து ஏத்தன் வாழைக்காரர்களின் போன் ஆரம்பித்துவிடும். ஆப்பிரிக்க நத்தை! அது பழகிப்போன புலம்பல். ஆனால் போன வாரம் மறுபடியும் ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, "சார், நத்தையைத் தின்கிற நத்தை இருக்காமே, எங்கே கிடைக்கும்?" என்றார். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

இருக்கிறது. அமெரிக்காவின் ஓநாய் நத்தை. இதே ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கத்தான் 1955-இல் ஹவாய்த் தீவுகளில் அதை விட்டார்கள். அதுவோ சளித்தடத்தை மோப்பம் பிடித்து, மரமேறிப் போய், ஓவாஹு தீவில் மட்டுமே இருந்த அகாட்டினெல்லா மரநத்தைகளைத் தின்றது. பாவம், அவை ஓர் அங்குலம்கூட இல்லாதவை. இலையைக்கூடக் கடிக்காது, இலைமேல் படிகிற பூஞ்சையை வழித்துத் தின்னும். வருஷத்துக்கு ஒன்றோ சிலவோ குட்டி போடும், அவ்வளவுதான். ஆப்பிரிக்க நத்தையோ ஒரே ஈட்டில் நூறு முட்டைக்கு மேல் இடும். இதில் யார் தாக்குப்பிடிப்பார்கள், நீங்களே கணக்குப் போடுங்கள். காடழிப்பும் எலியும் வேறு சேர்ந்துகொண்டன. அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற வகையின் கடைசி நத்தைக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று அதுவும் செத்தது. ஆப்பிரிக்க நத்தை ஹவாயில் இன்றைக்கும் இருக்கிறது.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-இல் வெளிநாட்டுக் குளவியை விட்டார்களே என்று வாதம் பண்ணுவார்கள். அது மாவுப்பூச்சியை மட்டும் தேடுகிற குளவி, சோதித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். ஓநாய் நத்தையோ கண்ணில் படுகிற நத்தையை எல்லாம் விழுங்குவது. நம் தோட்டத்து வரப்பு முடிகிற இடத்தில் களக்காடு முண்டந்துறைக் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத நத்தைகள் அங்கே உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். சாயங்காலம் வரப்போரம் பப்பாளி இலையைப் பரப்பி, மேலே ஈரச்சாக்கைப் போடுங்கள். விடிகாலையில் சாக்கைப் புரட்டினால் கும்பலாக ஒட்டிக்கிடக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். மூளை வரை போகிற எலிப்புழு அதன் உடம்பில் இருக்கலாம். கையுறை இல்லையா, பாலித்தீன் பையை மாட்டுங்கள். உப்பை வாளித் தண்ணீரில் கரைத்து அதில் போடுங்கள். வாழை மூட்டில் உப்பைக் கொட்டி மண்ணைக் கெடுக்காதீர்கள். மெட்டால்டிஹைடு என்ற நத்தை விஷக் குருணை வைத்தால் நாயைக் கட்டிவையுங்கள். வாழைக்கன்று ஏற்றும்போது கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டி, முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் பெரும்பாலும் நம் லோடு வண்டியில்தான் இது போகிறது. பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் பொறுக்கி ஆகாது.