கட்டுரைப் பட்டியலைப் பார்த்து முதுகெலும்பை ஒப்படைக்காதீர்கள்

முதுகெலும்பு அறுவை செய்யும் என்னிடம் போன வாரமும் ஒருவர் வந்தார். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், இடுப்பு வலி. கூட வந்த மகன் ஸ்கேனுக்கு முன்பே ஒரு டாக்டரின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார். "நரம்பியலிலும் தண்டுவடத்திலும் இவ்வளவு எழுதியிருக்கிறார் சார். இவரிடமே ஆபரேஷன் செய்துகொள்ள அப்பாவும் சம்மதித்துவிட்டார். நகையை அடகு வைத்தாயிற்று."

அப்பாவைக் குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொன்னேன், தடுமாறாமல் நடந்தார். மரத்துப்போதல் இல்லை, சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு இல்லை. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கல், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை சற்று வெளியே தள்ளியிருக்கிறது என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த கட்டுரையின்படி, 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுங்கல் இருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்காமலே, யாரிடம் செய்துகொள்வது என்று தேடிக் களைத்திருக்கிறது அந்தக் குடும்பம். இப்படி வருகிறவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். மனம் பொறுக்கவில்லை.

கட்டுரைகளின் எண்ணிக்கை கைத்திறமைக்கு அளவுகோல் ஆகாது. எலியின் தண்டுவடத்தில் செய்த சோதனையும் கட்டுரைதான். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பும் கட்டுரைதான். பிறர் எழுதியதைப் படித்துத் தொகுத்தாலும் கட்டுரைதான். இருபது பேர் சேர்ந்து எழுதியதில் நடுவே ஒரு பெயராக இருந்தாலும் கணக்கில் ஒன்று ஏறிவிடும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் பதவி உயர்வு பெறக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்பது விதி. காசு கட்டினால் எதையும் அச்சிடும் ஆய்விதழ்களும் இருக்கின்றன. நம் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எஸ். குமார் என்று தேடினால் எத்தனையோ எஸ். குமார்கள் எழுதியவை ஒன்றாக வந்து குவியும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் தரும் ஆர்கிட் முறை 2012-ல் தொடங்கியதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி வருகிறது என்று அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எழுதிய கட்டுரையை நம்பித்தான் இன்றும் நாங்கள் கத்தியை எடுக்கிறோம். ஆனால் எங்கள் துறையிலேயே ஒரு கசப்பான கதையும் உண்டு. முதுகெலும்பை ஒட்டவைக்கும் அறுவையில் பயன்படும் பி.எம்.பி.-2 என்ற புரதத்துக்கு 2002-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தயாரிப்பாளர் பணத்தில் நடந்த 13 ஆய்வுகள், அதனால் பக்கவிளைவு அநேகமாக இல்லை என்றன. 2011-ல் ஸ்பைன் ஜர்னல் என்ற ஆய்விதழ் அவற்றை மறுபடி அலசியபோது, ஆபத்து முதலில் சொன்னதைவிட 10 முதல் 50 மடங்கு வரை இருக்கலாம் என்று தெரிந்தது. அந்த ஆய்வுகளும் பலருடைய கட்டுரைப் பட்டியலை அலங்கரித்தவைதான்!

பட்டியலைப் பார்த்தே தீருவேன் என்றால் ஒழுங்காகப் பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் தேடக் காசு வேண்டாம். கட்டுரை உங்கள் நோயைப் பற்றியதா, நோயாளிகளை எத்தனை ஆண்டுகள் கவனித்தார்கள், பணம் யார் கொடுத்தது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக டாக்டரிடம் நேரில் கேளுங்கள்: "இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. டிஸ்க் பிதுங்கிக் கால்வலி வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தியில்லாமலே குறைகிறது. அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள், தயவுசெய்து.

ஒரே ஒரு நிலையில் மட்டும் தேடலும் வேண்டாம், ஒப்பிடலும் வேண்டாம். சிறுநீர் திடீரென நின்றுபோனால், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால் உடனே 108-ஐ அழையுங்கள். ஏற்காட்டில் இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவிலேயே மலையிறங்கிவிடுங்கள். அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் டாக்டர் எத்தனை கட்டுரை எழுதியவராக இருந்தாலும் சரி, எழுதாதவராக இருந்தாலும் சரி, முதலில் அவரிடம் காட்டுங்கள்.