பாலித் தீவின் கோயில்கள் பூச்சியைப் பட்டினி போடுவது எப்படி?

நெல் வயலில் புகையான் என்ற பூச்சி விழுந்தால் முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. பயிரை விலக்கித் தூரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். சில நாட்களில் வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்த திட்டுகள். கண்டபடி மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து சாகும். அப்புறம் வரும் புகையான் முன்னைவிட அதிகம்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம், வயலைக் காலியாகப் போட்டுப் பூச்சியைப் பட்டினி போடுவது. ஆனால் ஒருவர் மட்டும் போட்டால் பூச்சி பக்கத்து வயலுக்குப் பறந்துவிடும். பெரிய பரப்பு முழுக்க ஒரே நேரத்தில் அறுவடையாகி, ஒரே நேரத்தில் பயிரின்றிக் கிடக்க வேண்டும். சரி, நூற்றுக்கணக்கான விவசாயிகளை யார் ஒத்துக்கொள்ள வைப்பது?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் அந்த வேலையைத் தண்ணீர்க் கோயில்கள் செய்கின்றன. அங்கே பாசனச் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். வயலில் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு சன்னதி, அணைக்கட்டில் ஒரு கோயில், எல்லாவற்றுக்கும் மேலே எரிமலை வாயில் உள்ள பதூர் ஏரியின் தேவி தனுவுக்குப் பெரிய கோயில். மேல் கோயிலில் வாங்கும் புனித நீர் கீழே வயல் வரைக்கும் போகும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் தீர்த்தா. நமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கோயிலைச் சேர்ந்த சுபாக்குகள் கூடிப் பேசி, எப்போது நடவு, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்கின்றன.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. அதிகாரிகளுக்கு இதெல்லாம் வெறும் சடங்காகத் தெரிந்தது. புது ரகத்தைப் போடுங்கள், முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்றார்கள். ஆளுக்கொரு நேரத்தில் நட்டார்கள். சில வருடங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் பூச்சியும் சேர்ந்தே வந்தன.

மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு நாளில் நட்டால் பூச்சி தின்றது. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதவில்லை. இரண்டுக்கும் நடுவே, கோயில்கள் சேர்த்து வைத்திருந்த அளவிலான குழுக்களில்தான் விளைச்சல் உச்சத்தைத் தொட்டது. அடுத்த சோதனை இன்னும் சுவையானது. ஒவ்வொரு சுபாக்கும் தன்னிஷ்டப்படி தொடங்கி, வருடா வருடம் அக்கம்பக்கத்தில் நன்றாக விளைந்தவரைப் பார்த்து நட வேண்டும், அவ்வளவுதான் விதி. சில வருடங்களிலேயே உண்மையான கோயில் வலைப்பின்னலைப் போன்ற ஒன்று தானாக உருவானது.

தலைமடைக்காரர் ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார் என்ற புதிருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அங்கே நடவு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பூச்சிக்கு வருடம் முழுக்க எங்காவது பச்சைப் பயிர் கிடைக்கும். அந்தப் பூச்சி மேலே ஏறி வரும். எது பெரிய கவலை என்று கேட்டபோது தலைமடையில் பூச்சி என்றார்கள், கடைமடையில் தண்ணீர் என்றார்கள். பேரம் படிந்துவிட்டது!

அப்படியானால் தேவி தனுவுக்கு இதில் என்ன வேலை? கணினிக்குள் அவள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கணினி விவசாயிக்குக் கடன் கிடையாது, பங்காளிச் சண்டை கிடையாது, இந்த ஒரு தடவை மட்டும் என்ற சபலமும் கிடையாது. நிஜ மனிதர்களிடம் அந்த ஒப்பந்தம் தலைமுறைகளாக நிற்கத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை, தேவிக்குத்தான் சொந்தம் என்ற நம்பிக்கை பெரிதும் உதவியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1967-இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட், சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறித்தவத்தில் இருக்கிறது என்று எழுதினார். அதிலிருந்து எந்த மறைநூல் இயற்கையைப் பற்றி என்ன சொல்கிறது என்றே வாதம் ஓடுகிறது. ஆனால் அதே கிறித்தவத்தின் இன்னொரு கிளையான எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையைப் பாருங்கள். காடு பெரும்பாலும் அழிந்துபோன வடக்கு மலைப்பகுதியில், தேவாலயங்களைச் சுற்றி மட்டும் பச்சை வட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன. மாடு உள்ளே புகாமல் இருக்கச் சில இடங்களில் சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள், வயலில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி. வயலும் சுத்தமானது, காடும் தப்பியது.

பக்தி எப்போதும் இப்படிப் பலன் தருவதில்லை. கிழக்காசியாவில் புண்ணியத்துக்காகப் பிடிபட்ட உயிர்களை வாங்கி விடுவிக்கும் பௌத்த வழக்கம் உண்டு. கருணையான செயல்தான். ஆனால் வாங்கி விடுவிக்க ஆள் இருக்கிறது என்பதற்காகவே பறவை பிடிப்பவர்கள் கிளம்புகிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமை இப்படியும் அங்கே குளங்களுக்குள் போய், உள்ளூர் ஆமைகளுக்குப் போட்டியாகிவிட்டது. பாலியில் தப்பு செய்தால் அடுத்த போகத்திலேயே வயலில் தெரிந்துவிடும். ஆமையை விட்டவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்.