தலைக்கு மேலே தட்டாமாலை

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை சாயங்காலம். காரைக்குடி வீட்டில் பொரிகடலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன், பொன்னமராவதியிலிருந்து ஆச்சி கூப்பிட்டார். "தம்பி, டிவியில பாத்தியா? பிளேன் இறங்க முடியாம சுத்திக்கிட்டே இருக்காம்ல. நீ ஏர்போர்ட் டவர்ல பிளேனுக்கு வழி சொல்லிக்கிட்டு இருந்தவன்தானே, பொழச்சுருவாகளா?"

திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் அது. ஏறியதுமே ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பில் பழுது. அப்புறம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் புதுக்கோட்டைப் பக்கமே வட்டமடித்தது, ஊரே மொட்டைமாடியில் நின்றது. நான் ஆச்சியிடம் சொன்னது இதுதான்: வளைகுடா வரைக்கும் போக நிரப்பிய எரிபொருளோடு உடனே இறங்கினால் எடை அதிகம், சக்கரமும் பிரேக்கும் தாங்க வேண்டும், இந்த போயிங் 737 ரகத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்கணும், தாழ்வாகப் பறந்தால் சீக்கிரம் தீரும். பார்க்கிறவர்களுக்குத் தவிப்பாகத் தெரிந்ததெல்லாம் விமானிகள் நிதானமாகச் செய்துகொண்டிருந்த வேலை. இரவு எட்டேகாலுக்கு 140க்கும் மேற்பட்டவர்கள் பத்திரமாக இறங்கினார்கள். அதற்குள் வாட்ஸ்அப்பில் அந்த விமானம் இரண்டு முறை விழுந்துவிட்டது என்பது வேறு கதை.

நம் ஊர் வானத்தில் விமானம் என்றால் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அதனால் திருச்சியிலோ மீனம்பாக்கம் பக்கத்திலோ பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, விமானம் அவ்வளவு தாழ்வாகப் போவதைப் பார்த்து முதல் நாள் தூக்கம் போய்விடுகிறது. விமானம் வழக்கமாக மூன்று டிகிரி சரிவில்தான் இறங்கும். ஓடுதளத்துக்கு 5 கிலோமீட்டர் முன்னால் சுமார் 275 மீட்டர் உயரம், 2 கிலோமீட்டர் முன்னால் 120 மீட்டர், அதாவது ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். உரசுகிற மாதிரித்தான் இருக்கும். நேற்று இந்தப் பக்கம் போனது இன்று அந்தப் பக்கம் போகிறதே என்றால், காற்று மாறியிருக்கிறது. எதிர்காற்றில்தான் ஏறுவதும் இறங்குவதும்.

உயரத்தைக் கணக்குப் போட ஒரு வழி: கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடியுங்கள். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனி வரை முழு நீளமும் விரலின் அகலத்துக்குள் அடங்கினால், 737 போன்ற விமானம் குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆச்சி இப்போது காக்கா பறந்தாலும் விரலை நீட்டுகிறார்.

டவரில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. மாப்பிள்ளை அழைப்பில் வானத்தை நோக்கி அடிக்கும் லேசர், இறங்கும் நேரத்தில் விமானியின் அறைக் கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பரவிக் கண்ணை மறைத்துவிடும். அடுத்தது கோழிக்கடைக் கழிவு. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் அதைத் திறந்த வெளியில் கொட்டச் சட்டப்படி தடை இருக்கிறது, ஆனாலும் விடியற்காலையில் மூட்டை வந்து விழும், பின்னாலேயே பருந்துகள் வரும். எஞ்சினுக்குள் ஒரு பருந்து போனால் போதும். அப்படி ஒரு மூட்டையைப் பார்த்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் விமான நிலையத்துக்கு ஒரு ஃபோன் அடித்துவிடுங்கள்.