மாங்குளத்தில் சிவந்த டர்போ

கோப்பாய் வாசகர் ஒருவரின் கேள்வி இது. “அண்ணை, யாழ்ப்பாணத்திலையிருந்து வவுனியாவுக்குப் போகேக்கை மாங்குளத்திலை தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினனாங்கள். சுடுமணம் வந்தது எண்டு பொனட்டைத் திறந்தால், டர்போ அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து கிடக்குது. ரெண்டு வருசமா இதே கார், முந்தி இப்பிடிப் பார்க்கேல்லை. இழுவையும் குறைஞ்சிட்டுது, பெற்றோலும் கூடக் குடிக்குது. கராஜிலை டர்போவை மாத்தச் சொல்லுறாங்கள். அம்மா நாவூறு எண்டு கழிப்புக் கழிக்கச் சொல்லுறா. என்ன செய்யிறது?”

தம்பி, டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி. அதற்குக் காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

முதலில் அந்தச் சிவப்பு. கொல்லன் பட்டறையில் இரும்பு காய்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் நல்ல சிவப்பு, பிறகு செம்மஞ்சள். இரும்பு, களிமண், கல் எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ 525 பாகை செல்சியஸில்தான் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்கும். 1847இல் ஜோன் வில்லியம் டிரேப்பர் இதை அளந்து சொன்னார். பெற்றோல் எஞ்சினிலிருந்து டர்போவுக்குள் நுழையும் புகை, எஞ்சின் பாரம் இழுக்கும்போது 900 பாகையைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டைத் தாங்கத்தான் டர்போவின் சுழலியை நிக்கல் கலப்புலோகத்தில் வார்க்கிறார்கள். ஆகவே வேகமாக ஓடி வந்து இருட்டில் நிறுத்திய காரின் டர்போ சிவந்து தெரிவதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்லிவிட முடியாது. பகலிலும் அது சிவந்துதான் இருந்திருக்கும், வெயில் வெளிச்சத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் மெதுவாக ஓடி வந்த பிறகும், சும்மா நின்று இயங்கும்போதும் சிவந்தால் அது பழுதுதான். அதேபோல, முன்பு இல்லாதது இப்போது ஏன் என்பதும் நல்ல கேள்வி. இழுவை குறைவு, எரிபொருள் செலவு, கூடிய சூடு என்ற மூன்றையும் நீங்கள் சேர்த்துச் சொன்னதும் எனக்கு ஒரே ஒரு விடயம்தான் ஞாபகம் வந்தது. தீப்பொறி பிந்துகிறது.

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எஞ்சினுக்குள் நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்க நீங்கள் செய்த வேலை அங்கே வெப்பமாகக் கிடக்கிறது. இனி ரயரின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்து விடுங்கள். விரலில் குளிர்ச்சி தெரியும். விரிகிற வாயு எதையாவது தள்ளிக்கொண்டுதான் விரிகிறது. தள்ளுகிற வேலைக்குச் சக்தி வேண்டும், அந்தச் சக்தியைத் தன் சூட்டிலிருந்தே எடுக்கிறது, ஆகவே குளிர்கிறது.

எஞ்சினுக்குள்ளும் இதே கதைதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக் தீப்பொறி விடும். பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை எரிந்து ஏறத்தாழ 2,200 பாகைக்குப் போகும். அங்கிருந்து பிஸ்டனைத் தள்ளித் தள்ளி விரியும், விரிய விரியக் குளிரும். எட்டு மடங்கு விரியக் கிடைத்தால், மேலோட்டமான கணக்கில், புகைவால்வு திறக்கும் நேரத்தில் 1,070 பாகையளவுக்கு இறங்கியிருக்கும். சரி, தீப்பொறி பிந்தினால்? வாயு எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் கொஞ்சத் தூரம் கீழே போய்விட்டது. மிச்சம் ஐந்து மடங்கு விரிவுதான். அதே கணக்கில் இப்போது வருவது 1,270 பாகை. கிட்டத்தட்ட 200 பாகை கூடுதல். பிந்தி எரியும்போது உள்ளே ஏறும் உச்ச வெப்பநிலை கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அதனால் உண்மையான வித்தியாசம் இதைவிடச் சிறிது. ஆனாலும் உள்ளே சூடு குறைந்து வெளியே போகும் புகையில் சூடு கூடுவதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை. சக்கரத்துக்குப் போயிருக்க வேண்டிய சக்தி பிஸ்டனில் ஏறாமல் புகைக்குழாய் வழியே போகிறது. இழுவை குறைவதும் டர்போ சிவப்பதும் ஒரே காரணத்தால்தான்.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் கொஞ்ச நேரம் கூடுதலாக இரைகிறதல்லவா? அந்த நேரத்தில் பல கார்களில் எஞ்சின் கணினி வேண்டுமென்றே தீப்பொறியைப் பிந்த விடுகிறது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி ஏறத்தாழ 300 பாகைக்கு ஏறினால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் இந்த ஏற்பாடு.

அப்படியானால் ஓடும்போது தீப்பொறியைப் பிந்த வைத்தது யார்? அதுவும் கணினிதான். கலவை தன்பாட்டில் வெடித்தால் எஞ்சினில் தட்டல் வரும், அது பிஸ்டனையே உடைத்துவிடும். தட்டலைக் கேட்க ஒரு சென்சர் இருக்கிறது. அது சொன்னதும் கணினி தீப்பொறியைப் பிந்த விடும். தட்டலுக்கு இரண்டு பெரிய காரணங்கள். ஒன்று ஒக்டேன் குறைந்த பெற்றோல். 95 வேண்டும் என்று கைநூல் சொல்லும் காருக்கு 92 அடித்தால் இதுதான் நடக்கும். மற்றது உள்ளே போகும் காற்றின் சூடு. டர்போ காற்றை அமுக்கும்போது, சைக்கிள் பம்பைப் போலவே, அந்தக் காற்று 100 பாகையைத் தாண்டும். அதை ஆற்றி அனுப்புவது இன்டர்கூலர். பெற்றோல் செலவுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. புகை அளவுக்கு மீறிச் சுட்டால் கணினி தேவைக்கு மேல் பெற்றோலைப் பீச்சி, அது ஆவியாகும் குளிர்ச்சியில் டர்போவைக் காப்பாற்றப் பார்க்கிறது. அந்தப் பெற்றோல் இழுவைக்கு உதவாது.

வேறு காரணங்களும் உண்டு. எங்கே சுடுகிறது என்று பார்த்தால் பிரித்தறியலாம். டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்தான் அதிகம் சுடுகிறதா? தீப்பொறியையும் கலவையையும் பாருங்கள். டர்போவைத் தாண்டி வினையூக்கி மாற்றி அதைவிடச் சுடுகிறதா? ஏதோ ஒரு சிலிண்டரில் பிளக்கோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலோ ஒழுங்காகத் தீப்பொறி விடவில்லை, எரியாத பெற்றோல் அங்கே போய் எரிகிறது. எல்லாமே சுட்டு, வண்டி வேகமெடுக்க முடியாமல் திணறினால், மாற்றி அடைபட்டிருக்கலாம். டீசலில் கதை வேறு: அங்கே காற்றுக் குறைந்தால்தான் சூடு கூடும், ஆகவே டர்போவிலிருந்து போகும் றப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

அளப்பதற்கு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கலாம். கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்தது இதற்கு உதவாது, அது உடற்சூட்டை மட்டுமே காட்டும். பளபளக்கும் உலோகத்தில் இந்த வெப்பமானி குறைத்துக் காட்டும், கறள் பிடித்த இடத்தில் பிடித்தால் ஓரளவு நம்பலாம். அதைவிட நல்லது ஸ்கானர், அதாவது எஞ்சின் கணினியில் கொழுவி அது அளப்பதைக் காட்டும் கருவி. ஓடும்போது தீப்பொறி எத்தனை பாகை முந்துகிறது (இந்தப் பாகை சூடல்ல, எஞ்சின் தண்டு சுழலும் கோணம்), உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு என்ற இரண்டையும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொன்னால் போதும்.

நாவூறு பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் பயம் பிள்ளை மேல் உள்ள அன்பு, அதை மதிக்கிறேன். ஆனால் கழிப்புக் கழித்த நிம்மதியில் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் இன்னும் ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால், நல்ல டர்போவும் உண்மையாகவே போய்விடும். எங்கள் தூசிக்கும் வெயிலுக்கும் வாகனங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று இங்கேயே அளக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கோயில் கோபுரத்துக்கு அள்ளித் தரும் எங்கள் வெளிநாட்டு உறவுகள் அப்படியான ஆய்வுகளுக்கும் தர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

சென்ற ஞாயிறு அந்தத் தம்பியின் காரைப் பார்த்தேன். 660 சிசி ஜப்பான் கார். அன்று பயணத்தில் நாலு பேர், ஏசி, எதிரே சோளகக் காற்று. சின்ன எஞ்சினுக்கு அது மலையேற்றம் மாதிரி. ஸ்கானரைக் கொழுவி ஓடிப் பார்த்தோம், உள்ளே போகும் காற்று 78 பாகை. முன்பக்க வலையைக் கழற்றினால், இன்டர்கூலரின் தகடுகளுக்கிடையில் செம்மண் தூசியும் பனந்தும்பும் நெல் உமியும் அப்பி, பாய் விரித்தது போல மூடியிருந்தது. மெல்லிய தூரிகையாலும் தண்ணீராலும் அரைமணித்தியாலம் மெதுவாகக் கழுவினோம். அழுத்திப் பீச்சினால் தகடுகள் மடங்கிவிடும். காய்ந்த பிறகு அதே வீதியில் அதே வேகத்தில் ஓடினோம். 49 பாகை. தீப்பொறி ஆறு பாகை முன்னேறியிருந்தது.

இன்னொன்று: இந்தச் சூட்டோடு காய்ந்த புல்லிலோ, வீதியோரம் பரப்பிய வைக்கோலிலோ காரை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். மாங்குளத்தில் நிற்கும்போதும் தார் வீதியோரமாகவே நிறுத்தி, எஞ்சினை ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு திறப்பைத் திருப்புங்கள். டர்போவின் தண்டைச் சுற்றி நிற்கும் எண்ணெய் கருகாமல் இருக்கும்.